முள் ஒன்றில் நின்றால் போதுமா?

1929ஆம் ஆண்டு. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் குளோன்கரி என்னும் சிற்றூர். அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஆடுமாடு வளர்க்கும் பண்ணைகள் சிதறிக் கிடந்தன. அங்கே மின்சாரம் இல்லை, தொலைபேசியும் இல்லை. நோய் வந்தால் மருத்துவருக்குச் செய்தி சொல்லவும் வழியில்லை. அடிலெய்டு நகரைச் சேர்ந்த ஆல்பிரெட் டிரேகர் என்னும் பொறியாளர் அந்தப் பண்ணைகளில் ஒரு புதிய வானொலிக் கருவியைப் பொருத்தினார். சைக்கிள் மிதிப்பது போலக் காலால் மிதித்தால் ஒரு சிறு மின்னாக்கி சுழலும். ஏறத்தாழ 20 வாட் மின்திறன் கிடைக்கும். அதைக்கொண்டு மோர்ஸ் குறிகளில் செய்தி அனுப்பிப் பறக்கும் மருத்துவரை வரவழைக்கலாம். ஜான் பிளின் என்னும் பாதிரியாரின் முயற்சியால் 1928 மே மாதம் தொடங்கிய மருத்துவப் பணி அது.

இன்று அதே நிலப்பரப்பில் ஜீப் வகை வண்டிகளில் பாலைவனப் பயணம் செய்வோர் 100 வாட் கருவியுடன் புறப்படுகின்றனர். மிதிகருவியைவிட ஐந்து மடங்குக்கும் மேலான ஆற்றல்! ஆயினும் அவர்களுடைய குரல் பல வேளைகளில் எட்ட வேண்டிய இடத்தை எட்டுவதில்லை. ஏன்?

விடை கருவியில் இல்லை, ஏரியலில் இருக்கிறது. டிரேகரின் பண்ணைகளில் உயர்ந்த கம்பங்களுக்கிடையே நீண்ட கம்பி கட்டப்பட்டிருந்தது. இன்றைய வண்டியிலோ இரண்டரை மீட்டர் உயரக் கோல் ஒன்றுதான் நிற்கிறது. இந்தக் கோலைப் பொருத்தும் முறை பற்றிப் பயணக் கையேடுகளும் விற்பனைத் தாள்களும் திரும்பத் திரும்பக் கூறும் அறிவுரை ஒன்று உண்டு. அது எவ்வளவு சரி, எவ்வளவு பிழை என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அறிவுரை என்ன சொல்கிறது?

சிம்சன் பாலைவனத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல்மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி நிற்கின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவில் கேனிங் மாட்டுப் பாதை ஏறத்தாழ 1,850 கிலோமீட்டர் நீளமுடையது. இத்தகைய இடங்களில் கைபேசிக் கோபுரம் கிடையாது. 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள வானொலி அலைகள் மட்டும், உயரே அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, இடையில் எந்தக் கோபுரமும் இன்றித் தொலைதூரம் செல்லும். எச்.எஃப். எனப்படும் அலைவரிசை இதுவே. வி.கே.எஸ்.-737 என்னும் வானொலி வலையமைப்பு இந்த அலைகளைப் பயன்படுத்தும் வண்டிப் பயணிகளுக்காகவே ஏற்பட்டது.

ஏரியல் பொருத்தப் பொதுவாகச் சொல்லப்படும் முறை இது: "கோலை வண்டியில் உறுதியாகப் பொருத்துங்கள். கேபிளின் இடையே நிலையலை விகிதமானியை இணையுங்கள். முள் 1.5க்குக் கீழே வரும்வரை கோலைச் சரிசெய்யுங்கள். 1 என்று காட்டினால் மிகச் சிறப்பு. பிறகு கவலையின்றிப் புறப்படுங்கள்."

எளிமையான அறிவுரைதான். பாதி உண்மையும் அதில் உண்டு. ஆனால் பாலைவனத்தில் பாதி உண்மையை நம்பிப் போகலாமா?

முள் எதைக் காட்டுகிறது?

பரப்பியிலிருந்து கேபிள் வழியே செல்லும் ஆற்றலில் ஒரு பகுதி, ஏரியலில் ஏற்றுக்கொள்ளப்படாமல் திரும்பி வரலாம். செல்லும் அலையும் திரும்பும் அலையும் சேர்ந்து கேபிளில் நிலையலைகளை உண்டாக்குகின்றன. எதுவும் திரும்பவில்லை என்றால் விகிதம் 1. திரும்புவது கூடக்கூட விகிதமும் கூடும். கருவியும் கேபிளும் வழக்கமாக 50 ஓம் தடைக்கு ஏற்றவாறு அமைக்கப்படுகின்றன. எனவே ஏரியலும் 50 ஓம் தடைபோல நடந்துகொண்டால் முள் 1இல் நிற்கும்.

இதனால் பயன் இல்லாமல் இல்லை. ஆற்றல் மிகுதியாகத் திரும்பினால் பரப்பியின் டிரான்சிஸ்டர்கள் கெட்டுப்போகலாம். அதைத் தவிர்க்கப் பல கருவிகள் தாமாகவே ஆற்றலைக் குறைத்துக்கொள்ளும். கேபிள் அறுந்ததையும் இணைப்பு கழன்றதையும் இந்த மானி உடனே காட்டிக்கொடுக்கும். கருவியைக் காக்கும் காவலாளி என்ற முறையில் அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் கவனியுங்கள். திரும்பி வராத ஆற்றல் எங்கே போயிற்று என்பதை இந்த மானி சொல்வதே இல்லை! அது வானில் பரவியிருக்கலாம். வண்டியின் இரும்பிலும் மணலிலும் வெப்பமாக வீணாகியிருக்கலாம். மானிக்கு இரண்டும் ஒன்றே. ஓட்டைக் குடத்தில் எவ்வளவு நீர் ஊற்றினாலும் தளும்பி வழியாது. வழியவில்லை என்பதற்காகக் குடம் நல்லது என்று சொல்வோமா? ஏரியலைக் கழற்றிவிட்டு 50 ஓம் மின்தடை ஒன்றை இணைத்துப் பாருங்கள். முள் அழகாக 1இல் நிற்கும். குரல் மட்டும் பக்கத்துத் தெருவைத் தாண்டாது.

இரண்டு வண்டிகள்

இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். அலைநீளத்தை மீட்டரில் அறிய, 300ஐ மெகாஹெர்ட்சில் உள்ள அதிர்வெண்ணால் வகுக்க வேண்டும். 5 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 60 மீட்டர். கால் அலைநீள ஏரியலுக்கு 15 மீட்டர் உயரம் வேண்டும். நம்மிடம் இருப்பதோ 2.5 மீட்டர் கோல்.

ஏரியலிலிருந்து அலையாக வெளியேறும் ஆற்றலை ஒரு தடையில் செலவாகும் ஆற்றலைப் போலக் கணக்கிடுவர். இதற்குக் கதிர்வீச்சுத் தடை என்று பெயர். குட்டையான கோலில், கோலின் உயரத்தை அலைநீளத்தால் வகுத்து, அதை வர்க்கப்படுத்தி, 395ஆல் பெருக்கினால் இத்தடை ஏறத்தாழக் கிடைக்கும். நம் கோலுக்கு அது வெறும் 0.7 ஓம்தான்.

குட்டைக் கோல் ஒரு சிறு மின்தேக்கி போலவும் நடந்துகொள்ளும். அதன் மின்மறுப்பு 1,300 ஓம் அளவில் இருக்கும். இதைச் சமன்செய்து ஒத்ததிர்வு பெறவே கோலில் கம்பிச்சுருள் சேர்க்கப்படுகிறது. சுருளின் தரக்காரணி 200 என்று கொண்டால், அதன் இழப்புத் தடை 1,300 ÷ 200 = 6.5 ஓம். வண்டியின் உடலிலும் கீழுள்ள தரையிலும் ஏற்படும் இழப்புக்கு 8 ஓம் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 15 ஓம். இந்த 15இல் பயன்படுவது 0.7 மட்டுமே. 100 வாட் ஊட்டினால் 4.7 வாட் வானில் பரவும், மீதி வெப்பம்.

இது முதல் வண்டி. நன்றாகப் பொருத்தப்பட்ட வண்டி என்றே இதைச் சொல்ல வேண்டும். ஆனால் மானி என்ன காட்டும்? 50ஐ 15ஆல் வகுத்தால் 3.3. "மோசம்" என்பார் கையேட்டை நம்பியவர்.

இரண்டாம் வண்டிக்கும் அதே கோல்தான். ஆனால் பொருத்திய இடத்தில் பெயிண்ட் சுரண்டப்படவில்லை. இணைப்புகளில் துருவும் ரப்பரும் தடுத்து நிற்கின்றன. வண்டியிலும் தரையிலும் இழப்பு 8 ஓமுக்குப் பதில் 43 ஓம் ஆகிவிட்டது. மொத்தம் ஏறத்தாழ 50 ஓம். முள் 1இல் நிற்கிறது! வானில் பரவுவது எவ்வளவு? 0.7ஐ 50ஆல் வகுத்துப் பாருங்கள். 100 வாட்டில் 1.4 வாட்.

மோசம் என்று காட்டிய வண்டி 4.7 வாட், மிகச் சிறப்பு என்று காட்டிய வண்டி 1.4 வாட். முதல் வண்டியில் தடையைப் பொருத்தும் சாதனம் எதுவும் இல்லாமல் 29 விழுக்காடு ஆற்றல் திரும்பிவிட்டாலும், எஞ்சிய 71 வாட்டிலிருந்து 3.3 வாட் வெளியேறும். அப்போதும் அது இரண்டாம் வண்டியைப்போல் இரு மடங்குக்கு மேல். கோலின் அடியில் ஒரு சிறு மின்மாற்றியோ மின்தேக்கியோ வைத்து 15 ஓமை 50 ஓமாக மாற்றிவிட்டால் கருவிக்கும் இடர் இல்லை.

ஆகவே, இத்தகைய பொருத்துச் சாதனம் எதுவும் இல்லாத குட்டைக் கோல் ஒன்று, தாழ்ந்த அதிர்வெண்ணில் முள்ளை 1இல் நிறுத்தினால், மகிழ வேண்டாம், ஐயப்படுங்கள். "எங்கள் ஏரியல் அகன்ற பட்டையில் இயங்கும், அடிக்கடி சரிசெய்ய வேண்டாம்" என்ற விளம்பரத்தையும் அதே ஐயத்தோடு படியுங்கள். இழப்பு மிகுந்தால் தரக்காரணி குறையும். தரக்காரணி குறைந்தால் பட்டை அகலும். நல்ல குட்டை ஏரியல் குறுகிய பட்டையில்தான் இயங்கும்.

வண்டியே ஏரியலின் மறுபாதி

அறிவுரையின் இரண்டாவது குறை, கோலைப் பற்றி மட்டும் பேசுவது. கோலுக்குள் மின்னோட்டம் ஏறினால் அதே அளவு மின்னோட்டம் வேறெங்கோ திரும்பியாக வேண்டும். அந்த வேறிடம் வண்டியின் உடல்தான். நீங்கள் வாங்குவது பாதி ஏரியல். மறுபாதி உங்கள் வண்டி.

பலர் கோலை முன்புற இரும்புத் தடுப்பில் பொருத்துகின்றனர். பார்வைக்கு அது கனத்த இரும்பு. ஆனால் பெயிண்டும் ரப்பர்த் துண்டுகளும் அதை வண்டியின் உடலிலிருந்து பிரித்து வைத்திருக்கக்கூடும். பின்புறம் ஸ்டெப்னிச் சக்கரத்தைத் தாங்கும் சட்டத்தில் பொருத்தினால் கீல் ஒன்று இடையில் நிற்கிறது. ஆடும் கீல் நம்பத்தக்க இணைப்பு அன்று. இவ்விடங்களில் பெயிண்டைச் சுரண்டி, அகன்ற செம்புப் பின்னல் பட்டையைக் குட்டையாக வைத்து, உடலோடு இணைக்க வேண்டும். பானெட், பின்கதவு, சைலன்சர் குழாய், அடிச்சட்டம் ஆகியவற்றையும் இப்படி இணைத்தால், இழப்பு குறைவதோடு எஞ்சினிலிருந்து வரும் இரைச்சலும் பெரும்பாலும் அடங்கும். கோலை உடலின் இரும்புச் சுவரை ஒட்டி நிறுத்தக்கூடாது. இயன்றவரை வெளியே, உயரே நிற்கட்டும்.

இங்கே ஒரு வேடிக்கை. பட்டைகளை இணைத்தபின் மானியின் முள் 1இலிருந்து 1.7க்கு ஏறக்கூடும். கையேட்டை நம்பியவர் பதறிப்போய்ப் பட்டைகளைக் கழற்றிவிடுவார்! உண்மையில் தடை 50 ஓமிலிருந்து 30 ஓமாகக் குறைந்திருக்கிறது. வானில் பரவும் ஆற்றல் 1.4 வாட்டிலிருந்து 2.3 வாட்டாக உயர்ந்திருக்கிறது. முன்னேற்றத்தைப் பின்னடைவு என்று காட்டும் அளவுகோலை எப்படி நம்புவது?

தானாகவே அதிர்வெண்ணுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் ஏரியல்களும் விற்பனையில் உள்ளன. ஓட்டுநர் இறங்க வேண்டியதில்லை, பெரிய வசதிதான். ஆயினும் அவை இழப்பைப் போக்கும் மந்திரக்கோல் அல்ல. பட்டை இணைப்பு அவற்றுக்கும் வேண்டும். எடை கூடுதல் என்பதால், அலையலையாய் மேடுபள்ளம் விழுந்த மண்சாலையில் தாங்கியின் இரும்பே விரிசல் விடக்கூடும்; அதையும் கவனிக்க வேண்டும்.

ஒரே கோல் எல்லாத் தொலைவுக்கும் ஆகுமா?

மூன்றாவது குறை இது. செங்குத்துக் கோல் பக்கவாட்டில் அலையைப் பரப்பும்; தலைக்கு நேர் மேலே மிகக் குறைவாகவே அனுப்பும். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பேச இது பொருந்தும். ஆனால் உதவி இருப்பது பெரும்பாலும் 200 அல்லது 300 கிலோமீட்டரில்! அங்கே அலை சேர வேண்டுமானால், ஏறக்குறைய உச்சியை நோக்கி ஏறி, அயனி மண்டலத்தில் பட்டு, மழைபோலக் கீழிறங்க வேண்டும். தாழ்ந்த அதிர்வெண்களே இப்படித் திரும்பும். உயர்ந்தவை ஊடுருவி விண்வெளிக்குச் சென்றுவிடும். நம் கோல் மிக மோசமாக இயங்குவதும் அதே தாழ்ந்த அதிர்வெண்களில்தான். அருகில் இருப்பவர் கேட்கமாட்டார். தொலைவில் இருப்பவர் கேட்பார். புதியவர் கருவி கெட்டுவிட்டது என்று எண்ணிக்கொள்வார்.

இதற்குப் பயணியின் கையிலேயே மருந்து உண்டு. வண்டி நின்றபின் கம்பி கட்டுங்கள். 5 மெகாஹெர்ட்சுக்கு மொத்தம் 28.5 மீட்டர் கம்பி. அதை இரண்டாக வெட்டி, நடுவில் கேபிளை இணைத்து, நடுப்பகுதியை வண்டியோடு கட்டிய ஐந்து மீட்டர்க் கழியில் உயர்த்தி, இரு முனைகளையும் கயிற்றால் சரிவாகக் கட்டினால் போதும். தாழ்வாக இருப்பதால் அது மேல்நோக்கியே அலையை அனுப்பும். நமக்கு வேண்டியதும் அதுதான். பரவும் ஆற்றல் கோலைப்போல் பத்து மடங்கு வரை கூடலாம். விலை மிகக் குறைவு என்பதாலோ என்னவோ, விற்பனைத் தாள்களில் இதற்கு இடம் கிடைப்பதில்லை.

அதிர்வெண் தேர்வும் பாதி வெற்றி. பகலில் அயனி மண்டலத்தின் அடிப்பகுதி தாழ்ந்த அதிர்வெண்களை விழுங்கிவிடும். ஆகவே பகலில் உயர்ந்தது, இரவில் தாழ்ந்தது என்பது பொதுவிதி. 14 மெகாஹெர்ட்சில் நம் கோலின் கதிர்வீச்சுத் தடை 5 ஓமைத் தாண்டும். அங்கே ஊட்டும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு வரை அலையாக வெளியேறும். தொலைதூர நிலையத்தைப் பகலில் அழைக்க அதுவே ஏற்றது.

செயற்கைக்கோள் இருக்கும்போது இது எதற்கு?

நியாயமான கேள்வி. 406 மெகாஹெர்ட்சில் இயங்கும் அபாய அறிவிப்புக் கருவி உள்ளங்கையில் அடங்கும். காஸ்பாஸ்-சார்சாட் செயற்கைக்கோள் அமைப்பு 1982 முதல் உயிர்களைக் காத்துவருகிறது. செயற்கைக்கோள் தொலைபேசிகளும் உள்ளன. பாலைவனத்துக்குச் செல்பவரிடம் "எச்.எஃப். மட்டும் போதும்" என்று சொல்பவர் தவறு செய்கிறார். உயிர் போகும் ஆபத்துக்கு அந்தச் சிறு கருவியே முதலில் வேண்டும்.

ஆனால் எல்லா இடரும் உயிர் போகும் இடர் அன்று. அச்சு முறிந்தது, பாதை வெள்ளத்தில் மூழ்கியது, எரிபொருள் குறைகிறது. இவற்றுக்கு விமானம் அனுப்புவதைவிட, அந்த வட்டாரம் தெரிந்தவருடன் பேசுவதே பயன்தரும். வானொலியில் ஒருவர் பேசினால் பலர் கேட்கின்றனர். கேட்டவருள் அருகிலிருப்பவர் விடையளிக்கலாம். இடையில் எந்த நிறுவனத்தின் கோபுரமும் கோளும் தேவையில்லை. பழுதானாலும் ஒரு துண்டுக் கம்பியால் ஏரியல் செய்துகொள்ளலாம். இந்தச் சிறப்பெல்லாம் ஏரியல் உண்மையிலேயே இயங்கினால்தான். இயங்காத ஏரியல் இல்லாத ஏரியலைவிடக் கொடியது. ஏனெனில் அதை நம்பி ஒருவர் புறப்பட்டுவிடுவார்.

எப்படிச் சோதிக்க வேண்டும்?

மானியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதை அதற்குரிய இடத்தில் வையுங்கள். கருவிக்குத் தீங்கு இல்லை என்பதற்கு அது சான்று. குரல் போகிறது என்பதற்கு அன்று. அதற்குச் சான்று தொலைவிலிருந்துதான் வரவேண்டும். வண்டியிலிருந்து சிறிது தள்ளி ஒரு புலவலிமைமானியை வைத்து, பட்டை இணைக்கும் முன்னும் பின்னும் அளந்து ஒப்பிடுங்கள். பயணத்துக்குச் சில வாரம் முன்பே, தெரிந்த நிலையங்களைக் காலை, நண்பகல், இரவு என மூன்று வேளையும் அழைத்து, எந்த அதிர்வெண்ணில் எவர் எப்படிக் கேட்டார் என்று நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டுதான் உங்கள் ஏரியலின் உண்மையான சான்றிதழ்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒலிபரப்பும்போது கோலைத் தொடாதீர்கள். முதல் வண்டியின் கணக்குப்படி சுருளின் மேல்முனையில் 3,000 வோல்ட்டுக்கு மேல் தோன்றும். அடுத்தது, உரிமம் இன்றி ஒலிபரப்புவது குற்றம்; நம் நாட்டிலும் தேர்வெழுதி உரிமம் பெற்றவரே அமெச்சூர் வானொலி நிலையம் நடத்தலாம்.

மாணவர்கள் இதிலிருந்து ஒன்றை மனத்தில் கொள்ளலாம். ஒவ்வோர் அளவுகருவியும் ஒரு கேள்விக்குத்தான் விடை தருகிறது. நாம் கேட்க நினைத்த கேள்வி அதுதானா என்று முதலில் பார்க்க வேண்டும். மிதிகருவியை மிதித்த பண்ணைப் பெண்ணுக்கு முள்ளின் மீது நம்பிக்கை வைக்க வேண்டியிருக்கவில்லை. மறுமுனையிலிருந்து விடை வந்ததா என்பதே அவளுடைய அளவுகோல். நூறாண்டு நெருங்கியும், அதைவிட நல்ல அளவுகோல் கிடைக்கவில்லை.